அட்சரேகையும் தீர்க்கரேகையும் இந்திய நேரமும்

ஜூன் மாதம் 21-ஆம் தேதி. அஸ்ஸாமிலுள்ள திப்ரூகர் நகரில் காலை நான்கேகால் மணிக்கே சூரியன் உதயமாகிவிடுகிறான். அதே தினத்தில், குஜராத்தின் மேற்குக் கோடியிலுள்ள துவாரகையில் சூரியோதயத்தைக் காண விரும்புவோர் ஆறு மணிக்கு மேலும் ஏறத்தாழப் பத்து நிமிஷம் காத்திருத்தல் வேண்டும். இரண்டு ஊர்களிலும் கடிகாரங்கள் ஒரே நேரத்தையே காட்டுகின்றன; இரண்டும் சரியான கடிகாரங்களே. அங்ஙனமாயின், சூரியோதயத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவான இந்த வேற்றுமை எதனால் ஏற்படுகிறது? கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் வானத்திலுள்ள சூரியனுக்கும் உள்ள தொடர்புதான் யாது?

இக்கேள்விகளுக்கு விடை காண வேண்டுமானால், பூமியின் மீது ஓர் இடத்தின் இருப்பைக் குறிக்கும் முறையையும், அதனோடு பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கும் நேரக் கணக்கையும் அறிந்துகொள்ளல் அவசியம். அவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

அட்சரேகை

பூமி தன் அச்சின் மீது சுழல்கின்றது. அச்சின் இரு முனைகளே வட துருவமும் தென் துருவமும் ஆகும். இவ்விரண்டுக்கும் சம தூரத்தில், பூமியின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் அணிந்தாற்போல் அமைந்த கற்பனை வட்டம் பூமத்தியரேகை. அதற்கு இணையாக வடக்கிலும் தெற்கிலும் வரையப்படும் வட்டங்களே அட்சரேகைகள். பூமத்தியரேகை பூஜ்யம் பாகை; துருவங்கள் 90 பாகை. பாகை ஒவ்வொன்றையும் 60 கலைகளாகப் பகுப்பர். ஒரு பாகை அட்சரேகை என்பது தரையில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர் தூரமாகும்.

ஓர் ஊரின் அட்சரேகையை அறிவது அத்துணைக் கடினமான காரியமன்று. வானமே அதனை எழுதிக் காட்டுகிறது. வட துருவத்தில் நிற்பவனுக்குத் துருவ நட்சத்திரம் நேராகத் தலைக்கு மேலே தோன்றும். பூமத்தியரேகையில் நிற்பவனுக்கு அது அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும். இடைப்பட்ட இடங்களில், அடிவானத்திலிருந்து துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் உள்ளதோ, ஏறத்தாழ அத்தனை பாகையே அவ்விடத்தின் அட்சரேகை. கன்னியாகுமரியில் அது 8 பாகை உயரத்தில் மங்கலாகத் தென்படும்; சென்னையில் 13 பாகை; டில்லியில் 28½ பாகை. துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாக விலகியிருப்பதால், நுட்பமான கணக்குக்குச் சிறிது திருத்தம் தேவைப்படும்.

பகற்பொழுதில் சூரியனைக் கொண்டும் அட்சரேகையை அறியலாம். சென்னையில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மாதத்தின் இறுதி வாரத் தொடக்கத்திலும் ஆகஸ்டு 18-ஆம் தேதியை ஒட்டியும், உச்சி வேளையில் செங்குத்தான கம்பத்துக்கு நிழலே விழுவதில்லை. சூரியன் அன்று பூமத்தியரேகைக்கு வடக்கே 13 பாகையில் நிற்பதே இதற்குக் காரணம். டில்லியிலோ ஆண்டின் எந்த நாளிலும் நிழல் முற்றிலும் மறைவதில்லை. சூரியன் 23½ பாகைக்கு அப்பால் வடக்கே செல்வதில்லையன்றோ!

தீர்க்கரேகை

ஆனால், அட்சரேகை மட்டும் போதுமானதன்று. 13 பாகை வட அட்சரேகை என்றால், சென்னையும் அதன்மீது உள்ளது. ஏறத்தாழப் பெங்களூரும் மங்களூரும் அதன்மீதே உள்ளன. கிழக்கு மேற்காக எங்கே என்பதைச் சொல்ல மற்றொரு கணக்கு வேண்டும். துருவத்திலிருந்து துருவத்துக்கு, ஆரஞ்சுச் சுளைகளின் ஓரங்களைப் போல வரையப்படும் கோடுகளே தீர்க்கரேகைகள்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. பூமத்தியரேகையை இயற்கையே வகுத்துத் தந்திருக்கிறது. தீர்க்கரேகைக்கோ இயற்கையான தொடக்கம் என்று எதுவும் இல்லை. எந்தக் கோட்டையும் பூஜ்யமாகக் கொள்ளலாம். நம் நாட்டுப் பழைய வானநூலார் உஜ்ஜயினி வழியாகச் செல்லும் கோட்டைத் தொடக்கமாகக் கொண்டனர். பிற நாட்டினர் தத்தம் தலைநகரங்களைத் தொடக்கமாக வைத்துப் படம் வரைந்தனர். கப்பல் போக்குவரத்தும் ரயிலும் தந்தியும் உலகை நெருங்கச் செய்தபின் இந்த வேற்றுமை பெரும் குழப்பத்துக்கு இடமளித்தது. 1884-ஆம் ஆண்டு அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, இங்கிலாந்திலுள்ள கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்தின் வழியே செல்லும் கோட்டைப் பூஜ்யமாகக் கொள்ளத் தீர்மானித்தனர்.

அட்சரேகை வட்டங்கள் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் இருப்பவை. தீர்க்கரேகைகளோ துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவன. பூமத்தியரேகையில் 111 கிலோமீட்டராக உள்ள ஒரு பாகை அகலம், சென்னையில் 108 கிலோமீட்டர். 60-ஆம் பாகை அட்சரேகையில் அதன் பாதியே.

பாகையும் நாழிகையும்

பூமி ஒரு முழுச் சுற்றாகிய 360 பாகையைச் சூரியனை ஒட்டி 24 மணி நேரத்தில் சுழன்று முடிக்கிறது. எனவே 1 மணிக்கு 15 பாகை; 1 பாகைக்கு 4 நிமிஷம். நம் முன்னோரின் நாழிகைக் கணக்கிலும் இத்தொடர்பு வெகு எளிமையாக அமைந்துள்ளது. நாளொன்றுக்கு 60 நாழிகை. ஆகவே நாழிகைக்கு 6 பாகை. நாழிகையின் அறுபதில் ஒரு பங்கான விநாழிகைகள் பத்துச் சேர்ந்தால் ஒரு பாகை.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், கிழக்கேயுள்ள ஊர் முன்னதாகச் சூரியனைக் காண்கிறது. இதனால் ஓர் உண்மை பெறப்படுகிறது: இரண்டு ஊர்களின் சூரிய நேரத்திலுள்ள வேற்றுமையை அறிந்தால், அவற்றின் தீர்க்கரேகை வேற்றுமை தானே விளங்கிவிடும். தீர்க்கரேகை என்பது தூரத்தின் வடிவில் நிற்கும் நேரமேயாகும்.

தொடக்கத்தில் கண்ட திப்ரூகருக்கும் துவாரகைக்கும் இடையே ஏறத்தாழ 26 பாகை வேற்றுமை உண்டு. அதற்குரிய நேரம் 26 × 4 = 104 நிமிஷம். எஞ்சிய பத்து நிமிஷ வேற்றுமை எங்கிருந்து வந்தது? திப்ரூகர் துவாரகையைவிட 5 பாகைக்கு மேல் வடக்கே உள்ளது. ஜூன் மாதத்தில் வடக்கே செல்லச் செல்லப் பகல் நீளும். எனவே திப்ரூகரில் சூரியன் மேலும் சற்று முன்னதாகவே எழுகிறான். தீர்க்கரேகை, அட்சரேகை ஆகிய இரண்டும் சேர்ந்தே ஓர் ஊரின் சூரியோதயத்தை நிர்ணயிக்கின்றன.

கடலில் தவறிய கணக்கு

நேர வேற்றுமையே தீர்க்கரேகை என்னும் உண்மை பண்டைக் காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. சந்திர கிரகணம் எல்லா ஊர்களுக்கும் ஒரே கணத்தில் தொடங்குவதாகும். ஆகவே கிரகணம் பிடித்த நாழிகையை இரண்டு ஊர்களில் குறித்து ஒப்பிட்டால், அவற்றின் தீர்க்கரேகை வேற்றுமை கிடைக்கும். இம்முறை சூரிய சித்தாந்தத்தில் கூறப்பட்டுள்ளது. ஆயினும் பூமியின் நிழலின் ஓரம் மங்கலானது. கிரகணம் தொடங்கும் கணத்தை நுட்பமாகக் குறிப்பது அரிது. மேலும், நடுக்கடலில் வழி தேடும் மாலுமி கிரகணம் வரும்வரை காத்திருக்க முடியுமா?

1707-ஆம் ஆண்டு அக்டோபரில், ஆங்கிலக் கடற்படைக் கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதின. நான்கு கப்பல்கள் அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். கடலில் தீர்க்கரேகையை அறியும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு தருவதாக 1714-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது.

புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால், உச்சி வேளையில் சூரியனைப் பார்த்து உள்ளூர் நேரத்தை அறிந்து, இரண்டையும் கழித்துத் தீர்க்கரேகையைப் பெறலாம். ஆனால் அக்காலத்துச் சிறந்த கடிகாரங்கள் ஊசலால் இயங்குபவை. அலைகளில் ஆடும் கப்பலில் ஊசல் பயன்படாது. தச்சுத் தொழிலில் பயின்ற ஜான் ஹாரிஸன் என்பவர் இப்பிரச்சினைக்குத் தம் வாழ்நாளையே அர்ப்பணித்தார். அவர் செய்த நான்காவது கடிகாரம், பெரியதொரு பைக்கடிகாரத்தைப் போன்றது, 1761-ஆம் ஆண்டு இறுதியில் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் சோதிக்கப்பட்டது. இரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட அக்கடற்பிரயாணத்தில் அதன் பிழை சில விநாடிகளே.

சென்னையின் பங்கு

தரையில் வேறொரு முறை கையாளப்பட்டது. வியாழக் கிரகத்தைச் சுற்றும் துணைக்கோள்கள் அதன் நிழலில் புகுந்து மறைவது, தூரதரிசினி கொண்டு எங்கிருந்தும் காணக்கூடிய வானக் கடிகாரமாகும். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் ஜான் கோல்டிங்ஹாம் இத்துணைக்கோள்களை நோக்கியே சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். அந்நிலையத்தின் கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறித்த எழுத்துக்களுடன், இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது.

1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளக்கும் பெருவேலையைத் தொடங்கினார். அந்த அளவையில் இந்நாட்டு ஊர்களின் தீர்க்கரேகைகள் யாவும் சென்னை நிலையத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டே கணக்கிடப்பட்டன. பிற்காலத்தில் தந்திக் கம்பி வழியாகக் கடிகாரங்களை ஒப்பிடும் வசதி ஏற்பட்டபோது, பழைய எண்ணில் ஏறத்தாழ 2½ கலை மிகையிருப்பது தெரிய வந்தது. நேரக் கணக்கில் இது 10 விநாடிகளே. ஆனால் சென்னையின் அட்சரேகையில் 10 விநாடி என்பது தரையில் நான்கரைக் கிலோமீட்டர்! ஊர்களுக்கு இடையேயுள்ள தூரங்கள் மாறவில்லை. ஆயினும் பழைய படங்களில் முழு இந்தியாவும் உலகப்படத்தில் அவ்வளவு தூரம் கிழக்கே தள்ளி வரையப்பட்டிருந்தது. அப்படங்களைப் பயன்படுத்துவோர் தீர்க்கரேகையில் அந்தக் கழிவைச் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

பல நேரங்களும் ஒரே நேரமும்

முற்காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் சூரியனைக் கொண்டே கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. பம்பாய் நேரம் கிரீனிச் நேரத்துக்கு 4 மணி 51 நிமிஷம் முந்தியது. கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிஷம் முந்தியது. மாட்டுவண்டிப் பிரயாணத்தில் இவ்வேற்றுமையை யாரும் உணரவில்லை. ரயில் வந்தபின் நிலைமை மாறியது. ஊருக்கு ஒரு நேரமானால் கால அட்டவணை எழுதுவது எங்ஙனம்? ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்கு நேரக் குழப்பம் என்பது உயிர்ச்சேதமாகவும் முடியலாம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறத்தாழ நடுவே அமைந்த சென்னை நேரம், அதாவது கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்திய நேரம், இந்திய ரயில்வேக்களின் பொது நேரமாகக் கொள்ளப்பட்டது.

பின்னர், 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம் இந்தியப் பொது நேரமாக அமைந்தது. 82½ × 4 = 330 நிமிஷம்; அதாவது கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. இக்கோடு உத்தரப் பிரதேசத்திலுள்ள மிர்சாப்பூரின் அருகே செல்கிறது. கல்கத்தா தன் தனி நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் விடாது வைத்திருந்தன.

ஒரே நேரம் நாட்டின் ஒற்றுமைக்கும் நிர்வாகத்துக்கும் வசதியானது. ஆனால் அதற்குரிய விலையும் உண்டு. வடகிழக்கு மாநிலங்களில் காலை அலுவலகம் திறக்குமுன்னரே பகலின் பல மணிகள் கழிந்துவிடுகின்றன. மாலையில் விளக்கு முன்னதாக ஏற்றப்பட வேண்டியிருக்கிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி முன்னதாக வைத்து வேலை செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. டாக்காவுக்குக் கிழக்கே உள்ள கௌஹாத்தியின் கடிகாரம், டாக்காவின் கடிகாரத்துக்கு அரை மணி பின்தங்கியிருப்பதும் நோக்கத்தக்கது. 2018-இல் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் விஞ்ஞானிகள், வடகிழக்குக்கு ஆறரை மணிக் கணக்கில் தனி நேரம் வகுக்கலாம் என்னும் யோசனையை வெளியிட்டனர். இரு நேரங்களின் எல்லையைக் கடக்கும் ரயில்கள் குறைவாக இருக்கும் குறுகிய நிலப்பகுதி எது என்பதையும் அவர்கள் ஆராய்ந்தனர். எனினும் நாடு முழுவதற்கும் ஒரே நேரமே நீடித்து வருகிறது.

ஒரு குச்சியும் ஒரு கயிறும்

இதுவரை கூறியவற்றை வாசகர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். டிசம்பர் 25-ஆம் தேதி இதற்கு ஏற்ற நாள். சமதளமான தரையில் 1 மீட்டர் உயரமுள்ள குச்சியைச் செங்குத்தாக நடுக. தூக்குக் குண்டு கொண்டு சரிபார்த்துக்கொள்ளல் நலம். குச்சியின் அடியை மையமாக வைத்துக் கயிற்றால் ஒரு வட்டம் வரைக. காலையில் குறுகிவரும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் நேரத்தையும், பிற்பகலில் நீளும் நிழலின் நுனி அதே வட்டத்தை மீண்டும் தொடும் நேரத்தையும் குறித்துக்கொள்க. இவ்விரண்டுக்கும் நடுவான நேரமே உச்சி வேளை. கைக்கடிகாரத்தை முன்கூட்டியே வானொலி நேரத்துடன் ஒத்து வைத்திருத்தல் வேண்டும்.

சென்னையில் இச்சோதனையைச் செய்பவருக்குக் காலை 10 மணி 21 நிமிஷமும் பிற்பகல் 1 மணி 57 நிமிஷமும் கிடைத்ததாகக் கொள்வோம். நடு நேரம் 12 மணி 9 நிமிஷம். மிர்சாப்பூர்க் கோட்டில் உச்சி 12 மணிக்கு. இங்கே 9 நிமிஷம் பிந்தியது. 9-ஐ 4-ஆல் வகுத்தால் 2¼ பாகை. அதனை 82½-இலிருந்து கழித்தால் 80¼ பாகை கிழக்கு. இதுவே சென்னையின் தீர்க்கரேகை. அன்று உச்சியில் நிழலின் நீளம் 74 செண்டிமீட்டர் அளவில் இருக்கும். குச்சியையும் நிழலையும் அளவு குறைத்துத் தாளில் வரைந்து, பாகைமானியால் உச்சிக் கோணத்தை அளந்தால் 36½ பாகை வரும். அன்று சூரியன் பூமத்தியரேகைக்குத் தெற்கே 23.4 பாகையில் இருப்பதால், அதனைக் கழித்தால் 13.1 பாகை. இதுவே சென்னையின் அட்சரேகை.

டிசம்பர் 25-ஐக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பூமியின் பாதை பூரண வட்டமன்று. அதன் அச்சும் சாய்ந்துள்ளது. ஆதலால் சூரியன் நம் கடிகாரத்தைப்போல் ஒரே சீராக நடப்பதில்லை. நவம்பர் முதல் வாரத்தில் அவன் 16 நிமிஷம் முந்துகிறான். பிப்ரவரி நடுவில் 14 நிமிஷம் பிந்துகிறான். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டியே இருவரும் ஒத்துப்போகின்றனர். மற்ற நாட்களில் சோதிப்போர் பஞ்சாங்கத்திலோ வானநூல் அட்டவணையிலோ கண்ட திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நேரத்தில் 1 நிமிஷம் பிழைத்தால் இடம் 27 கிலோமீட்டர் தவறும் என்பதையும் நினைவிற் கொள்க. கப்பலோட்டிகள் பட்ட துன்பம் அப்போது விளங்கும்.

இன்றைய நேரக் காவலர்

பூமியின் சுழற்சியும் முற்றிலும் சீரானதன்று. சந்திரனால் எழும் கடலலைகளின் ஏற்ற இறக்கம் அதனை மெல்ல மெல்லத் தளர்த்துகிறது. ஆகவே 1967-இல் விநாடியின் இலக்கணம் பூமியினின்றும் விடுவிக்கப்பட்டது. சீசியம் அணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிரும் காலமே இன்று ஒரு விநாடி. டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம் இத்தகைய அணுக் கடிகாரங்களால் இந்திய நேரத்தைக் காத்து வருகிறது. அணு நேரமும் பூமியின் நேரமும் விலகாதிருக்க, 1972 முதல் 2016 இறுதி வரை 27 முறை உலக நேரத்தில் ஒரு விநாடி கூட்டப்பட்டது. 2035-ஆம் ஆண்டுக்குள் இவ்வழக்கத்தை மாற்றிவிட 2022-இல் சர்வதேச மாநாடு தீர்மானித்துள்ளது.

இக்காலத்தில் செயற்கைக் கோள்கள் நமக்கு இடத்தைச் சொல்வதும் நேரத்தைக் கொண்டே. அவற்றிலிருந்து வரும் ரேடியோ அலை பயணம் செய்த காலத்தை அளந்து தூரம் கணக்கிடப்படுகிறது. அவ்வலை ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் 30 செண்டிமீட்டர் செல்கிறது. மீனவரின் படகுக்கும் வானில் பறக்கும் விமானத்துக்கும் வழிகாட்டும் இந்தக் கருவிகளின் உள்ளே நிகழும் கணக்கு, கிரகண நாழிகையை எழுதிவைத்த பழைய வானநூலார் செய்த கணக்கின் வழிவந்ததேயாகும். கருவிகள் மாறியுள்ளன, நுட்பம் பெருகியுள்ளது, நேரத்தை அளந்து இடத்தை அறிவது என்னும் அடிப்படை மட்டும் மாறவில்லை. வரும் டிசம்பரில் ஒரு குச்சியை நட்டு அதனை நேரிற் கண்டறியுமாறு வாசகர்களை, சிறப்பாக மாணவர்களை, கேட்டுக்கொள்கிறோம்.